ஆறு வாரம் தொங்கிய சாக்கு

1

இந்தக் கதை ஒரு கடிதமாக இருந்திருக்க வேண்டியது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம், எங்கள் கிராம மண்டபக் கமிட்டிக்கு, இன்று மாலை ஐந்து மணிக்குள். காலை பத்து மணிக்கு எழுத உட்கார்ந்தேன். இப்போது மணி இரண்டு. கடிதத்தாளில் தேதி மட்டும் இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு தாளில் இது வளர்ந்துகொண்டிருக்கிறது, தமிழில்.

ஏன் தமிழில் என்று நீங்கள் சந்தேகப்பட வேண்டும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் பட்டிருப்பேன். முப்பது வருடம் மருந்துக்கடையில் நின்றவள் நான், கதை எழுதுவது ஓய்வு நேரத்தில். இருமல் மருந்து கேட்டு வருகிறவனைக்கூட ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

ஊர் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இருக்கிறது. முந்நூறு வருடத்துக் கல்வீடுகள். ஜன்னலுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்பதைக்கூட கவுன்சில்தான் முடிவு செய்யும். நான் இங்கே வந்து இருபத்தாறு வருடமாகிறது. ஊருக்குக் கில்டர்னோ என்று பெயர் வைத்திருக்கிறேன். வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. கதையில் வருகிற பூச்சுக்காரரின் பெயர் டூகல் பெதூன். அதுவும் நான் வைத்ததுதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன். (சொல்வேனா, பார்ப்போம்.)

2

முதல் தொடக்கம்: கடல் காற்று சுவர்களைத் தின்றுகொண்டிருந்த ஒரு பிப்ரவரிக் காலையில்

வேண்டாம். காற்றை வைத்துக் கதை தொடங்குகிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள்.

இரண்டாம் தொடக்கம்: நல்ல பூச்சுக்காரர் கிடைப்பது நல்ல மாப்பிள்ளை கிடைப்பது மாதிரி, அதற்கு

இதுவும் வேண்டாம். நல்ல மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்.

மூன்றாம் தொடக்கம்: டூகல் பெதூன் குடிகாரர் என்று செங்காவிடம் சொன்னது நான்.

இது உண்மை. ஆனால் இதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் மிச்சக் கதையை நீங்கள் என் பக்கம் நின்று படிக்கமாட்டீர்கள். அதனால் இங்கே, இரண்டாம் பகுதியின் அடியில் போட்டுவைக்கிறேன். கவனிக்காத மாதிரி தாண்டிப் போங்கள்.

3

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அதை வழக்கம் என்று யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

பழைய கல்சுவருக்கு, நீற்றிய சுண்ணாம்பில் ஆட்டுமயிர் கலந்துதான் பூச வேண்டும். சிமெண்டோ ஜிப்சமோ பூசினால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் ஓதம் ஏறும். சுண்ணாம்பைப் பனிக்காலத்தில் பூச முடியாது. மே முதல் செப்டம்பர் வரைதான் வேலை. ஒரு கை பூசி, அது இறுகி, அடுத்த கை பூசுவதற்குள் வாரக்கணக்கில் போகும். ஆக, வேலை தெரிந்த ஆள் ஒருவர், வருடத்தில் ஐந்து மாதம், எண்பது வீடு. அவர் பெயரை நீங்கள் ஒருவரிடம் சொன்னால் உங்கள் முறை ஒரு வருடம் தள்ளிப் போகும்.

அதனால் யாரும் சொல்வதில்லை. கேட்டால் அவரைத் திட்டுவார்கள்.

என் சமையலறைச் சுவருக்கு ஆள் தேடிய வருடம் நான் இதை அனுபவித்தேன். ரொட்டிக்கடை ஐசபெல்லைக் கேட்டேன். டூகலா, அந்த ஆளை வீட்டுக்குள் விட்டால் திரும்ப வெளியே அனுப்ப முடியாது என்றாள். படகு பழுதுபார்க்கிற ஆன்டர்சன், டூகலுக்குக் கண் தெரியவில்லை, இரண்டு பக்கமும் சுவர் கோணல் என்றார். தேவாலயத்துப் போதகர் நல்ல மனிதர், யாரையும் குறை சொல்லமாட்டார். அவர்கூட, டூகலுக்காக நாம் ஜெபிக்கத்தான் வேண்டும் என்று பெருமூச்சு விட்டார்.

மூன்று பேரும் ஒரே ஆளைத் திட்டியதும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஐசபெல் வீட்டுக்கு எலுமிச்சை ஊறுகாய் கொடுக்கிற சாக்கில் போனேன். கூடத்துச் சுவர் உரித்த முட்டை மாதிரி இருந்தது. ஆன்டர்சன் வீட்டுச் சுவரில் ஒரு கோணல் இல்லை. போதகர் வீட்டு மாடிப்படிச் சுவரில் கையை ஓட்டியபடியே ஏறினேன், ஒரு மேடு பள்ளம் தட்டவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று ஊரே கத்திக்கொண்டிருந்தது.

டூகலின் வண்டியில் பெயரோ போன் எண்ணோ கிடையாது. அதன் மேல் சாய்ந்துகொண்டு ஒரு மழைநாளில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். வந்தவர், இரண்டு வருடம் கழித்து மே பதினாறாம் தேதி வருகிறேன் என்றார். இரண்டு வருடம் கழித்து மே பதினாறாம் தேதி காலை எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

அன்றைக்கே நானும் ஊரோடு சேர்ந்துவிட்டேன். யார் கேட்டாலும் திட்டினேன்.

4

இனி செங்கா.

(செங்கா என்பது இங்கத்துப் பெயர்தான். நம் ஊர்ப் பெயர் மாதிரி ஒலிப்பதற்கு நான் பொறுப்பில்லை. அவள் பேசுவதை நெல்லைத் தமிழில் எழுதுகிறேன். மேற்குப் பக்கத்துப் பெய்ஸ்லியில் பிறந்தவளின் வாயை வேறு எந்தத் தமிழாலும் தாங்க முடியாது. என் பெயர் தமயந்தி. இந்த ஊர் வாய்க்கு அதில் "டமா" வரைதான் வரும்.)

செங்கா மூன்று வருடத்துக்கு முன் நாலு வாசல் தள்ளி வீடு வாங்கி வந்தாள். ஓய்வு பெற்ற பஸ் கண்ட்ரோலர். வந்த ஆறாம் மாதம் கிராம மண்டபக் கமிட்டிக்குச் செயலாளர் ஆகிவிட்டாள், ஏனென்றால் மற்ற எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்த ஊரில் தோழி என்று சொல்ல அவள் ஒருத்திதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மார்ச் மாதம், என் சமையலறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவள் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"ஏட்டி டமா, ஒன் சுவரு வெண்ணெ கணக்கா இருக்கு. யாரு பூசுனா?"

டூகலுக்கு அதற்கடுத்த வருடக் கோடையில் ஒரே ஒரு இடம்தான் காலி. அதற்கு என் மாடிப்படிச் சுவர் காத்துக்கொண்டிருந்தது.

"டூகல்னு ஒருத்தர். அவரைக் கூப்பிட்டுத் தொலைச்சிராத. ஆறு வாரம் என் சுவத்துல சாக்கத் தொங்கவிட்டுட்டுப் போயிட்டாரு. குடி வேற."

"அப்பம் இது யாரு முடிச்சா?"

கண்ட்ரோலராக இருந்தவள் அல்லவா. நான் தயங்காமல் ஆபர்டீன்காரர் ஒருவரைப் படைத்து, மிச்ச வேலையை அவரை வைத்து முடித்து, உடனே போன வருடம் அவர் இறந்துவிட்டதாகவும் சொன்னேன். என் எழுத்து வாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமாக ஒரு பாத்திரத்தைப் படைத்துக் கொன்றதில்லை.

உள்ளூர்க்காரியாக இருந்தால் திட்டைக் கேட்டதுமே நேரே டூகலைத் தேடிப் போயிருப்பாள். செங்கா நம்பினாள். ஊர் வழக்கப்படி நான் பொய் சொன்னேன், அது வழக்கம் என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

டவுனிலிருந்து பளபளவென்று ஒரு வேன் வந்தது. ஒருவன் இரண்டே நாளில் அவள் படுக்கையறை முழுக்க ஜிப்சம் பூசிவிட்டுப் போனான். முதல் குளிர்காலத்தில் கறை. இந்தக் குளிர்காலத்தில் சுவர் உப்பி உதிர்கிறது, செங்காவுக்கு நவம்பரிலிருந்து இருமல் நிற்கவில்லை. இந்த ஊர்ச் சுவரே இப்படித்தான் போல என்கிறாள். நான் அவளுக்கு இருமலுக்கு எதைச் சாப்பிடலாம் என்று சொல்கிறேன். எதனால் இருமல் என்று சொல்வதில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை ஆங்கிலத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

5

இந்த இடத்தில் எனக்கு டூகல் என்ற பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வருகிறது. சொன்ன தேதிக்கு வருகிறார், சுவரை முட்டையாக்குகிறார். இப்படி ஒரு வேலையாளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நானே நம்பமாட்டேன். அவரிடம் இருக்கிற குறைகளையும் எழுதிவிடுகிறேன்.

போனை எடுக்கமாட்டார். பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருப்பார். சுவரை விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, தலையை ஆட்டுவார், என்ன என்று சொல்லமாட்டார். என் தேநீரைக் குடிக்கமாட்டார், வீட்டிலிருந்து பிளாஸ்க் கொண்டுவருவார். மதியம் பாலாடைக்கட்டியும் பீட்ரூட்டும் வைத்த ரொட்டி, பதினைந்து வருடமாக அதே. எனக்கு வேலை ஏவுவார். முக்கியமாகச் சாக்கு.

சுண்ணாம்புப் பூச்சு சீக்கிரம் காய்ந்தால் வெடித்துவிடும். அதனால் மேலே ஈரச் சாக்கைத் தொங்கவிடுவார்கள். வழக்கமாகப் பத்து நாள் போதும். என் சமையலறைச் சுவரைப் பூசிய கோடையில் மட்டும், எங்கிருந்தோ வழி தவறி வந்த மாதிரி வெயில் அடித்தது. தெற்கு ஜன்னல் வழியாக அந்தச் சுவர் மேலேயே விழுந்தது. டூகல் சாக்கைத் தொங்கவிட்டுவிட்டு, ஆறு வாரம், தினம் காலையும் மாலையும் நனைத்தாக வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார். நான் நனைத்தேன். திட்டிக்கொண்டே நனைத்தேன். ஆறு வாரம் கழித்து, சொன்ன நாளில் வந்தார்.

மறந்துவிட்டேன். அவர் குடிப்பதே இல்லை. அவருடைய அப்பா குடித்தே செத்தவர். இந்த ஊரில் எல்லோருக்கும் அது தெரியும்.

எனக்கும் தெரிந்திருந்தது.

6

போன நவம்பரில் கிராம மண்டபத்துக் கூரையின் உட்பூச்சு பெயர்ந்து, அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளின் மேல் விழுந்தது. ஓரத்தில் முட்பூவும் கொடியுமாக அலங்காரப் பூச்சு செய்த பழைய கூரை. அதைச் சரிசெய்ய டூகல் எழுதிப் போட்டார். இரண்டு கோடைக்கான வேலை. அது கிடைத்தால் ஊரில் இருப்பார். கிடைக்காவிட்டால் ஜூன் மாதம் ஸ்காட்லாந்திலேயே இருக்கிற பெர்த் நகரத்தில் மைத்துனருடைய கம்பெனிக்குப் போய்விடுவார். அங்கே புது வீடுகளுக்குப் பலகைச் சுவர் அடிக்கிற வேலை, பூசுகிற கரணைக்கு அதிக வேலையில்லை.

கவனியுங்கள். என் மாடிப்படிச் சுவரில் போன செப்டம்பரில் இரண்டு கை பூசியாகிவிட்டது, மூன்றாம் கை மே மாதத்துக்கு. மண்டப வேலை கிடைத்தால் மே மாதமே சாரம் கட்டிவிடுவார், என் சுவர் இரண்டு வருடம் காத்திருக்கும். கிடைக்காவிட்டால் என் மூன்றாம் கையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் பெர்த்துக்குப் போவார், வாக்குக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு எது லாபம் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கு உங்களுக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது.

போன வியாழக்கிழமை டூகல் வந்தார். தொப்பியைக் கழற்றிச் சமையலறை மேஜையில் வைத்தார். ஒரு உறையை நீட்டினார்.

"கமிட்டியில இருந்து காயிதம் வந்திருக்கு தாயி. நான் குடிக்கேனாம். வேலையப் பாதியில போட்டுட்டுப் போவேனாம். பதிமூணாந் தேதி சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணுமாம்."

முதல் சில வரியைப் படித்தேன், அடியில் செங்காவின் கையெழுத்தைப் பார்த்தேன், மடித்துவிட்டேன். என்ன அநியாயம் என்றேன். நல்ல குரலில்தான் சொன்னேன்.

"நீங்க எழுதுதவுக. எனக்கு நாலு வரி எழுதித் தாங்க. உண்மையா இருந்தாப் போதும்."

"யார் சொன்னாங்கன்னு தெரியுமா?"

அவர் எழுந்து போய் என் சமையலறைச் சுவரை விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சினார்.

"நல்லா இறுகிருக்கு. ஆறு வாரம் ஒரு நாள் விடாம நனைச்சீங்கல்லா."

தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பதினைந்து வருடத்தில் என்னைப் பாராட்டி அவர் சொன்ன ஒரே வார்த்தை அது. நான் சந்தோஷமாகக்கூட இருந்தேன், கால் மணி நேரம்.

7

பிறகு கடிதத்தை முழுதாகப் படித்தேன். இரண்டாம் பத்தியில் இருந்தது. செங்கா நேர்மையானவள், கேட்டதைக் கேட்டபடி எழுதியிருந்தாள்: "ஒரு வீட்டில் ஆறு வாரம் சுவரில் சாக்கைத் தொங்கவிட்டுவிட்டுச் சென்றுவிட்டதாக அறிகிறோம்."

ஆறு வாரம். மற்ற எல்லா வீட்டிலும் பத்து நாள். இந்த ஊரில், ஏன், டூகல் தன் வாழ்நாளில் சாக்கை ஆறு வாரம் தொங்கவிட்ட சுவர் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் அவர் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

(இதை எழுதும்போது மறுபடி சந்தேகப்படுகிறேன். அவர் தற்செயலாகச் சொல்லியிருக்கலாம். வேலைக்காரர் வேலையைப் பற்றித்தானே பேசுவார். ஒரு வாரமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இல்லை. அவர் ஒரு வார்த்தையைக்கூடத் தற்செயலாகச் சொல்கிற ஆள் இல்லை.)

தெரிந்துகொண்டுதான் என்னிடம் கொண்டுவந்தார். சண்டை போடவில்லை, செங்காவிடம் போய் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. உண்மையாக நாலு வரி கேட்டார். அது என்னைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாத நாலு வரி.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

8

மணி நாலு. முடிவுகளைப் பார்ப்போம்.

முதல் முடிவு. அவருடைய குரலில் ஒரு கண்ணியமான கடிதம் எழுதுகிறேன்: குற்றச்சாட்டுகள் ஆதாரமற்றவை, என் வேலையே எனக்குச் சாட்சி. அழகாக இருக்கும், நான் நன்றாக எழுதுவேன். கமிட்டி அதைப் படித்துவிட்டு, யார் சொன்னது என்று செங்காவைக் கேட்கும். நம்பகமான ஆள் என்பாள் செங்கா, ஏனென்றால் என்னை நம்புகிறாள். வேலை கைவிட்டுப் போகும். என் மூன்றாம் கை மே மாதம் முடிந்துவிடும்.

இரண்டாம் முடிவு. டூகல் ஏற்கெனவே பெர்த்துக்குப் போய்விட்டார். கரணையை மூட்டை கட்டிவிட்டார், எந்த வேலைக்கும் வருவதில்லை, யாரும் அவரைத் தேடிப் பயனில்லை. இதைச் சோகமாக எழுதலாம், நீங்களும் உச்சுக் கொட்டுவீர்கள். ஆனால் என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்த பிறகு இதை நம்புவீர்களா? ஆளை ஒளித்துவைக்க எங்கள் ஊரில் சொல்கிற பொய்களில் இதுவும் ஒன்று. அவருக்குப் பொய்ப் பெயர் வைத்ததும் அதற்காகத்தான். அம்பாசமுத்திரத்திலோ கோயம்புத்தூரிலோ இருந்துகொண்டு இதைப் படிக்கிற நீங்கள் என் பூச்சுக்காரரைக் கொத்திக்கொண்டு போய்விடுவீர்கள் என்று நினைத்த மனசை என்ன சொல்ல.

மூன்றாம் முடிவு. செங்கா என்னை மன்னித்து

எழுத மாட்டேன். அது அவள் எழுத வேண்டியது. ஒரு குளிர்காலம் முழுக்க இருமியவள் என்ன சொல்ல வேண்டும் என்று நான் தீர்மானிக்க முடியாது.

இப்போது ஏன் தமிழில் என்று சொல்லிவிடலாம். டூகலைப் போல ஒரு கைகாரர் இந்தக் கரையிலேயே இல்லை என்று தமிழில் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம். செங்கா படிக்கமாட்டாள், கமிட்டி படிக்காது, அவரும் படிக்கமாட்டார். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. காலையிலிருந்து நான் செய்துகொண்டிருப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது மாதிரி இருக்கிற ஒளித்துவைத்தல். இதைக் கதை என்று வேறு சொல்லிக்கொள்கிறேன்.

9

கடிதம் எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் நாலு வரி:

சாக்கைத் தொங்கவிட்டுப் போவது சுண்ணாம்பு வேலையின் முறை. அதைத் தினம் நனைத்தவள் நான், சொன்ன நாளில் அவர் திரும்பி வந்தார். அவர் குடிப்பதில்லை. செங்கா, உன்னிடம் பொய் சொன்னது நான், ஆபர்டீன்காரர் என்று ஒருவர் இருந்ததே இல்லை.

கடிதத்தில் அவருடைய உண்மையான பெயர் இருக்கிறது. அவருடைய குரலில் எழுதவே முடியவில்லை. கீழே அவர் கையெழுத்துப் போட முடியாது, என்னுடையதுதான் வர வேண்டும். அதற்கு இடம் விட்டிருக்கிறேன்.

மணி நாலே முக்கால். செங்கா மண்டபச் சாவியோடு என் ஜன்னலைத் தாண்டிப் போகிறாள். கொஞ்ச தூரம் போய் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன், பேனா பிடித்த கையால்.

மண்டபம் நூறு அடி தூரம்தான். கோட்டு கதவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. ஆனால் நீங்கள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், நீங்கள் படிக்கிறவரை நான் எழுதிக்கொண்டிருக்கலாம், எழுதிக்கொண்டிருக்கிறவரை எழுந்திருக்க வேண்டாம். ஐந்து மணி தாண்டும்வரைகூட இப்படியே இருந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

அதனால் ஒரு உதவி செய்யுங்கள். படிப்பதை இந்த இடத்தில் நிறுத்தி